எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்

பாறசாலைப் பக்கம் தமிழகத்தோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று கடைத்தெருவில் ஊர்வலமும் கூட்டமுமாக இருந்த காலம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். பக்கத்து ஊரான குன்னத்துகாலில் பெண் கட்டி, மாமனார் வீட்டிலேயே குடியும் ஏறியிருந்தேன். அப்போது பார்த்து, மலையாளப் பரீட்சை தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வாத்தியாராக வாய்த்தவள் என் மனைவி. சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். அவள் தம்பி சும்மா விடுவானா?

"வெளிய தமிழுக்குக் கொடி, உள்ள மலையாளமாக்கும். நடக்கட்டு அத்தான்."

நான் படித்த ஊரில் ஆசிரியர் முன் கைகட்டி நிற்க வேண்டும். கேள்வி கேட்டால் வாய்த்துடுக்கு. புரியவில்லை என்றால், அவருக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று பழித்ததாக ஆகும். மனைவியானாலும் குரு குருதானே? அவள் சொன்னதற்கெல்லாம் பயபக்தியோடு தலையாட்டினேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம், கப்பைக் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது, மலையாளத்தில் மளமளவென்று என்னவோ கேட்டாள். வழக்கம்போல ஆட்டினேன். தம்பிக்காரனுக்குப் புரையேறிவிட்டது.

"என்ன கேட்டேண்ணு தெரியுமா? உங்க மூளைய எடுத்து நம்ம ஆட்டுக்கு வெச்சிரட்டாண்ணு கேட்டேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சர்ச்சுல சின்னப் பிள்ளைகளு எடுத்ததுக்கெல்லாம் கேள்வி கேக்கும். நிங்க ஒண்ணுகூட கேக்கல்ல. பெண்டாட்டி சொல்லித் தாறதுதானேண்ணு எளக்காரமாக்கும்னு நெனச்சேன்."

நான் அள்ளிக் கொடுத்த மரியாதையெல்லாம் அவமரியாதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"செரி, இனி கேள்வி கேட்டாத்தான் கஞ்சி உண்டு."

பசிக்குப் பயந்து கேட்டுத் தள்ளினேன். ஆடு மலையாளத்தில் எப்படிக் கத்தும் என்றுகூடக் கேட்டேன்.

பரீட்சையில் அதிகாரி வேகமாக எதையோ கேட்டார். தலை தானாக ஆடப் போனது. தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு, "மனசிலாயில்ல சாரே, ஒண்ணுகூடிப் பறயணே" என்று, புரியாததை ஒத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்கச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாகத் திரும்பக் கேட்டார். பதில் தெரிந்த கேள்விதான். தேறிவிட்டேன்.

அதன் பிறகு என் வகுப்பில் பிள்ளைகள் ஒன்றுபோலத் தலையாட்டினால் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுவேன். புரியவில்லை என்று கூசாமல் சொல்லும் அளவுக்கு ஒருவரை நம்புவதைவிடப் பெரிய குருதட்சணை கிடையாது. அதை நான் முதன்முதலில் கொடுத்தது, கஞ்சிப் பானையோடு எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவிக்குத்தான்.