விழுங்காத மாத்திரைகள்

என் கணவர் விழுங்காத மாத்திரைகளை அவர் விழுங்கியதாக எழுதிக்கொடுத்தேன். ஒருநாள் இருநாள் அல்ல... ஏழு வாரங்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் சங்கரன்கோவிலில் தமிழாசிரியை. கணவர் கோமதிநாயகம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சென்ற ஆண்டு அவர் கண்கள் மஞ்சளாயின. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். மதுரையில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள்.

ஊசி மருந்தோடு, மீன் எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. பலன் உண்டா என்று இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் கொடுக்கிறோம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் ஊசி மருந்து நிற்காது. இவர் சம்மதித்துக் கையெழுத்திட்டார். நாளுக்கு ஆறு மாத்திரை. விழுங்கியதும் நோட்டில் குறிக்க வேண்டும். அது என் வேலை.

மூன்றாம் வாரம் இவர் நிறுத்திவிட்டார்.

“ஏட்டி, ஏப்பம் விட்டாலே மீன் கவுச்சிதான் வருது. என்னால முடியல. டாக்டர்ட்ட சொல்லிரு” என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஏன்? இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆய்விலிருந்து விலகிவிட்டால் வாரம் தவறாமல் நலம் விசாரிக்கும் நர்ஸின் அழைப்பு நின்றுவிடுமே என்ற பயமா? அந்த மாத்திரைகளை விட்டால் நான் செய்வதற்கு வேறொன்றும் இல்லை என்பதா? இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூசுகிறது... என் நோட்டை நர்ஸ் மற்றவர்களிடம் காட்டி, “டீச்சர் மாதிரி எழுதணும்” என்று பாராட்டியிருந்தாள். அதை இழக்க எனக்கு மனமில்லை.

எனவே குறித்தேன். காலை, மதியம், இரவு. மிச்ச மாத்திரைகளைத் தாளில் பொதிந்து குப்பை வண்டியில் போட்டேன். இவருக்கு அது தெரியாது.

ஒருமுறை எடை கூடியிருந்தது. அந்த வாரம் வாந்தி நின்று, இரண்டு வேளை சோறு சாப்பிட்டிருந்தார், அவ்வளவுதான். மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது, ஏதோ எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்!

பங்குனியில் இவர் இறந்தார். மாத்திரையை விழுங்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கேள்வி என்னை வருத்துவதில்லை. என்னை வருத்துவது வேறு.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் நர்ஸ் பேசினாள். ஆறுதல் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, “அக்கா, நோட்டுல எழுதுனது எல்லாம் சரிதானே? பைலை முடிக்கணும்” என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. சரிதான் என்றேன்.

சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதுரை மருத்துவமனை வராந்தாவில் பழகியவள். கணவர் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரி. அதே நோய், அதே ஆய்வு.

“எங்க வீட்டுல குமட்டுதுன்னு அழுதாரு டீச்சர். வேண்டாம்னு சொல்லுதாரு. உங்க வீட்டு அண்ணாச்சி ஒருவேள கூட விடாம முழுங்குனாருன்னு சொல்லிச் சொல்லித்தான் குடுக்கேன்” என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்து, “குடுக்கலாம்லா?” என்றாள்.

பிடிக்காவிட்டால் விலகலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்... இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால், அடுத்து என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

“விடாம குடுங்க” என்றேன்.

அவள் நிம்மதியாகப் பேருந்தில் ஏறினாள். மருத்துவரின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. இன்றுவரை அழைக்கவில்லை. புளியங்குடியில் அந்த மனிதர் இன்று காலையும் கண்ணீரோடு விழுங்கியிருப்பார்.