கரையைக் கட்டாதீங்க

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், எங்கள் பாக்குத்தோப்பின் கீழ்மூலையில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. அதில் மீன் வளர்க்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டுக்காரர் சிரித்தார், ஆனாலும் கட்லாக் குஞ்சுகள் வாங்கிவந்து விட்டது அவர்தான்.

சித்திரையில் குட்டை பச்சையாகிப்போனது. பாசி கூழ்போல மிதந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. சில செத்து ஒதுங்கிக் கிடந்தன.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. மேட்டில் என் கொழுந்தனாரின் மாட்டுச்சாளை, மாடு கட்டுகிற கொட்டகை. சாளை கழுவிய தண்ணீர் சாணியும் மூத்திரமுமாக வாய்க்காலில் இறங்கி நேராகக் குட்டைக்கு வந்தது. பயிரை வளர்க்க வேண்டிய சத்து பாசியை வளர்த்தது. ஆனால் அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் பேச்சு எடுத்தால் எங்கே போய் முடியுமோ என்று பயந்து பேசாமலிருந்தேன்.

வைகாசியில் ஒரு கோடைமழை. வாய்க்கால் கரை உடைந்து, சாளைத் தண்ணீர் தண்ணிப்புல் மண்டிக் கிடந்த பள்ளத்தில் பரவிவிட்டது. சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். பள்ளத்துக்குள் போகிற தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. புல்லுக்குள் மெல்ல ஊர்ந்து குட்டைப் பக்கம் கசிந்த தண்ணீரோ தெளிவாக இருந்தது. கையில் அள்ளி மோந்தேன், நாற்றமே இல்லை. புல் மட்டும் கருகருவென்று முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

அன்றைக்கே கொழுந்தனார் மண்வெட்டியோடு வந்தார். அண்ணன் மனைவியான என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவார்.

"கரை உடைஞ்சுபோச்சுங்க நங்கை. இப்பவே கட்டிப்போடறேன்."

"கட்டாதீங்க தம்பி. அப்படியே உட்டுப்போடுங்க."

"ஏனுங்க? தண்ணி பூரா பள்ளத்துல பாயுதுங்களே!"

"அதுதாங்க நல்லது. இங்க வந்து பாருங்க."

இரண்டு பக்கத் தண்ணீரையும் காட்டினேன். குனிந்து இரண்டையும் கையில் அள்ளிப் பார்த்தார். "நம்ம சாளைத் தண்ணியிலதான் மீனு செத்துச்சுங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்றார். அவர் முகத்தில் கோபமில்லை.

"புல்ல அறுத்து மாட்டுக்குப் போடட்டுங்களா?"

"அறுக்கணுமுங்க. அறுத்தாத்தான் மறுக்கா தழைஞ்சு, வர்ற சத்தெல்லாம் எடுத்துக்கும்."

குட்டை உடனே தெளியவில்லை. அடிச்சேற்றில் ஊறிக் கிடந்த சத்து ஆடி முழுக்கப் பாசியை விளைவித்துக்கொண்டே இருந்தது. பெருமழை பெய்தால் தண்ணீர் புல்லில் நிற்காமல் மேலாக ஓடிவந்துவிடும். அதற்குக் கொழுந்தனாரே பள்ளத்துக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரப்புகள் போட்டார். ஐப்பசி மழையை அவை தாங்கின.

தை மாசம் வலை போட்டோம். இருந்ததிலேயே பெரிய கட்லாவை மேட்டிலிருக்கும் கொழுந்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மத்தியானமே அவர் சம்சாரம் ஒரு போசி நிறையக் குழம்போடு வந்தாள். குட்டைக்கரையிலேயே உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம்.