நாலு மணிக்கே வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்

மணி நாலானால் போதும், என் மேலாளர் ஹெல்கா மேஜைக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். "ஃபையராபென்ட்!" வேலை முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம். "குடும்பம் காத்திருக்குமே!" ஜெர்மனிக்கு வந்த புதிதில், கணவரும் மகளும் செம்பாக்கத்தில் இருக்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்படியானால் போனில் நிம்மதியாகப் பேசலாம்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் இருந்தபோது என் அலுவலகம் துரைப்பாக்கத்தில். சாயங்காலம் ஆறு மணிக்குப் பையை எடுத்தால், "என்னங்க, இன்னிக்கு ஹாஃப் டேவா?" என்று டீம் லீட் கேட்பார். சுற்றி இருப்பவர்களும் சிரிப்பார்கள். மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்து வீடு சேரும்போது மகள் நிலா தூங்கியிருப்பாள். பிள்ளை பக்கத்தில் இருந்தபோது நேரம் இல்லை. இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறது, பிள்ளை இல்லை. என்ன பிழைப்பு இது!

போன வாரம் ஹெல்கா, பதவி உயர்வோடு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று கேட்டார். திரும்பிப் போனால் அதே துரைப்பாக்கம், அதே ஹாஃப் டே கிண்டல். கணவர் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர், நிரந்தர வேலை, விட்டுவிட்டு வரமாட்டார். அவரிடமே கேட்டேன்.

"உன் இஷ்டம்மா. நான் இன்னா சொல்றது? அப்புறம் என்னால தான் கெட்டுதுன்னு சொல்லக் கூடாது."

உன் இஷ்டமாம்! வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்தக் கடுப்பிலேயே நேற்றுக் காலை ஹெல்காவிடம் சரியென்று சொல்லிவிட்டேன். கைகுலுக்கினார். வழக்கம்போல நாலு மணிக்கு வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வீடியோ காலில் அழைத்தேன், விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று. நிலா சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தலைமுடி காதளவு இருந்தது.

"யாருடி வெட்டச் சொன்னா?"

"நான்தான். அப்பாவுக்குப் பின்னவே வரலம்மா. டெய்லி ஸ்கூலுக்கு லேட். அப்பாவும் பாவம்ல?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ ஆபீஸ்ல இருந்த." பிறகு தலையைத் தடவிக்கொண்டாள். "நீ வர்றதுக்குள்ள வளந்துடும்ல? நீ பின்னி விடு."

"வளந்துடும்டி" என்றேன். இரண்டு வருட விஷயத்தை அப்படியே விழுங்கிவிட்டு, போய்த் தூங்கு என்று அனுப்பினேன்.

அவள் தூங்கப் போய்விட்டாள், அங்கே இரவாகிவிட்டது. இங்கே சன்னலில் பட்டப்பகல் வெயில். தோள்பையைக்கூட இறக்காமல் கூடத்தின் நடுவே நின்றிருந்தேன்.