பாதியில் விட்ட மேட்னி

அறுபதுகளின் நடுவில் எனக்குச் சினிமா அலுத்துப்போயிருந்தது. ஐம்பதுகளில் சிவகாசிக்கு மிஷன் பள்ளி ஆசிரியையாக வந்தபோது வாரம் ஒரு படமாவது பார்த்துவிடுவேன். எனக்கு மூத்தவளான அக்கா அதே ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். இருவரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சனிக்கிழமை மேட்னிக்குப் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்காருவோம். எங்களுக்கு முன்னால் தரையில், வேலை இல்லாத நாளில் வந்த பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் இருப்பார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத வெள்ளி மருந்து அவர்கள் முழங்கையில் ஒட்டியிருக்கும். திரை வெளிச்சம் கூடும்போதெல்லாம் அந்தக் கைகளும் மினுங்கும்.

அந்த நாட்களில் படம் என்றால் நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. பணக்காரன் கெட்டவன் என்பதும், இருமுகிற அம்மா இடைவேளைக்குள் இறந்துவிடுவாள் என்பதும், கோபித்துக்கொண்டு போனவன் மழையில்தான் திரும்பி வருவான் என்பதும் டைட்டில் ஓடும்போதே தெரிந்துவிடும். கலர் வந்த பிறகு பாட்டுக்கு ஒரு சேலை மாற்றினார்கள். கதை மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது புதுப் படத்தைப் பற்றிக் கேட்டால், “அதுக்குப் போறதுக்கு வீட்டுல இருந்து தலைக்குக் குளிக்கலாம்” என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அக்கா மட்டும் விடவில்லை. ராத்திரி டியூட்டி முடித்து வந்து, ரெண்டு மணி நேரம் படுத்துவிட்டு, மத்தியானம் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். படத்தில் பாதி நேரம் தூங்குவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

“நீ படம் பாக்கப் போறியா, தூங்கப் போறியா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டுக்கும்தாம்ட்டி. அங்கன மூணு மணி நேரம் ஒருத்தரும் என்னை நர்சம்மான்னு கூப்பிட மாட்டாக” என்றாள்.

வீட்டில் அவளால் தூங்க முடியாது. தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், குழந்தை எதையாவது விழுங்கினாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

தீபாவளி சீசனுக்குக் கம்பெனிகள் இரவு பகலாக ஓடிய சமயம் அது. ஒரு சனிக்கிழமை அவள் மேட்னிக்குப் போயிருந்தாள். நான் கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அடுக்களையில் பாத்திரங்கள் ஒருமுறை அதிர்ந்தன. பிறகுதான் சத்தம் வந்தது. அந்த ஊரில் சில வருஷம் இருந்தால் கல்குவாரி வெடிக்கும் பட்டாசுக் கம்பெனி வெடிக்கும் வித்தியாசம் காது சொல்லிவிடும். மேற்கே புகை எழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள்.

தியேட்டரில் அது கேட்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அக்கா அன்றைக்கு அதிசயமாகத் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவில் திரை வெளுத்து, ஒரு சிலைடு விழுந்தது. கண்ணாடியில் மையைத் தடவி அவசரமாகக் கீறிய எழுத்து. ‘ஆஸ்பத்திரி நர்சம்மா உடனே வரவும்.’ சிலைடு போட்டதற்குக் கூட்டம் முதலில் சீட்டி அடித்தது. அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சீட்டி நின்றுவிட்டது. எதற்காக நர்சைக் கூப்பிடுவார்கள் என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்திருக்க வேண்டும். தரையிலிருந்த பெண்கள் எழுந்தார்கள். அவர்களில் ஒவ்வொருத்திக்கும் தங்கையோ மகளோ அன்று வேலையில் இருந்தாள். கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வாசலில் நின்ற தீப்பெட்டி லோடு லாரியில் ஏறி அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தாள். ரெண்டு பேர் வரும் வழியிலேயே போய்விட்டார்கள் என்றும், மற்றவர்களை வாழை இலை விரித்துக் கிடத்தியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சிலைடினால் இன்னொன்றும் நடந்தது. நர்ஸ் சினிமாவுக்குப் போகிறாள் என்பது அதுவரை சபையில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். வயதானவர், நல்ல மனிதர். சினிமாவுக்கு எதிராக வருஷத்துக்கு நாலு பிரசங்கமாவது செய்வார். அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார். சபைக் கமிட்டியில் யாரோ பேச்சை எடுத்திருக்கிறார்கள்.

காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். “ஏம்மா, இனி போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் கமிட்டியில சொல்லி முடிச்சிருதேன்.”

“அப்படிச் சொல்ல முடியாது ஐயரே” என்றாள் அக்கா. “சொன்னா பொய்யாயிரும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “டீச்சரும் போறீகளோ?”

“இப்பல்லாம் போறதில்ல ஐயரே. படம் ஒண்ணும் நல்லா இல்ல.”

அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. “அப்ப, நல்லா இருந்தா போவீக?”

நான் காலித் தம்ளரை எடுத்துவைத்தேன். அவர், கமிட்டி கூடி முடிவு சொல்லும்வரைக்குமாவது போகாமல் இருக்கும்படி அக்காவைக் கேட்டுக்கொண்டார். அதற்கு அக்கா சம்மதித்தாள். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக் கிடந்தவர்களில் தாயில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். இடது கையும் தோளும் முதுகில் பாதியும் வெந்திருந்தன. கட்டுப் பிரித்து மருந்து போடுகிற நேரம், வலியில் எழும் கத்தல் தாங்காமல் அந்த வார்டில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவள் மட்டும் கத்த மாட்டாள். எதையாவது பேசச் சொல்லுவாள். ஒருநாள் அக்காவிடம் கேட்டாள்.

“நர்சக்கா, வெடிக்கும்போது நீங்க சினிமாவுலயா இருந்தீக?”

“ஆமா.”

“அந்தப் படத்துக்கு மறுநாள் நாங்க போகணும்னு இருந்தோம். கதை என்னக்கா? சொல்லுங்க.”

அக்கா கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு நெசவுக்காரர் மகள். மாமியார் பேச்சைக் கேட்டுப் புருஷன் அவளைச் சந்தேகப்பட்டு விரட்டிவிடுகிறான். கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பல வருஷம் கழித்து அவள் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரியாக வேலைக்குச் சேர்கிறாள். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வருகிற சிறுமி அவளுடைய மகள்தான். இவளுக்குத் தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரியாது. மூன்று நாள் கட்டு மாற்றுவதற்குள் கதை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அக்கா பார்த்ததும் அவ்வளவுதான்.

“பொறவு?”

“பொறவு சிலைடு போட்டுட்டாக.”

அந்தப் பெண், “யாரையாவது பாத்துட்டு வரச் சொல்லுங்கக்கா” என்றாளாம்.

அப்படித்தான், சினிமாவைத் தலைமுழுகியிருந்த நான் அடுத்த சனிக்கிழமை தனியாக மேட்னிக்குப் போனேன். அக்கா ஐயருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். நான் எதையும் கொடுத்திருக்கவில்லை.

பெண்கள் பக்கம் காலியாகக் கிடந்தது. தரையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். படம் நான் நினைத்ததைவிட மோசம். சமையல்காரியின் முகத்தில் கரிகூட இல்லை. பெரிய வீட்டுக்காரர் எந்நேரமும் கோட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்துபோன பாட்டு வந்தபோது, திரையில் ஏதாவது தெரியுமோ என்று கூர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை, ஒரு சிறுமி பொம்மையை வைத்துக்கொண்டு ஆடுகிறாள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஆரம்பத்திலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். அந்தப் படத்துக்காக அழுதாளா, வேறு எதற்காகவாவதா என்று நான் கேட்கவில்லை. அழுவதற்கு அந்த ஊரில் அவளுக்கு வேறு இருட்டான இடம் கிடைத்திருக்காது.

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“முடிவு என்னட்டி?”

“செத்துப்போறா.”

சீப்பு நின்றது. “யாரு?”

“அவதான். அம்மாக்காரி. புருஷன் வந்து மன்னிப்புக் கேக்கான். அவன் மடியில தலையை வச்சு ஒரு பாட்டுப் பாடிட்டுச் செத்துப்போறா.”

“எதுக்குச் சாவுதா? சீக்கா?”

“தெரியல. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தா. மாவுகூட ஆட்டுனா.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வெடிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் சிரித்து முடித்ததும், “இதை அவகிட்ட எப்படிப் போய்ச் சொல்ல?” என்றாள்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து நாங்கள் அந்தப் படத்துக்கு வேறு முடிவு எழுதினோம். எழுதினோம் என்றால் பேசினோம். படங்களைப் பற்றி அவ்வளவு குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு முடிவைச் சரியாகக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு அவள் தன் ஊருக்குப் போய்த் தறி போட்டுப் பிழைப்பதாக நான் சொன்னேன். அவ்வளவு வசதியாக வளர்ந்த சிறுமி எப்படிச் சட்டென்று கிளம்பி வருவாள் என்று அக்கா மடக்கினாள். சரி, முதலில் லீவுக்கு மட்டும் வரட்டும் என்று முடிவானது. புருஷனை மன்னிக்கலாம், ஆனால் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து. மாமியாரை என்ன செய்வது என்பதில்தான் ஒத்துவரவில்லை. சோறு பொங்கி வழிந்தது. மாமியாரை அப்படியே விட்டுவிட்டோம்.

அக்கா அதை ஒரு வாரம் இழுத்து இழுத்துச் சொன்னாள். கட்டுப் பிரிக்கிற நேரம் வந்தால் பக்கத்துக் கட்டில்காரர்களும் இப்போது காதைப் பொத்தவில்லை என்றாள். தாயில்பட்டிப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். “மாமியாக்காரிய சும்மா விட்டுட்டாகளா?” மறுநாள் அக்கா மாமியாருக்கு ஒரு வழி செய்ய வேண்டியதாயிற்று. வாதம் வந்து படுத்தவளுக்கு மருமகள்தான் கஞ்சி ஊற்றுகிறாள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏற்றுக்கொண்டாள்.

ஐயர் சொன்ன கமிட்டி அந்த மாதம் கூடியது. அடிபட்டவர்களின் குடும்பங்களுக்கு அரிசி கொடுப்பது பற்றிப் பேசினார்கள். அக்காவின் விஷயத்தை யாரும் எடுக்கவில்லை என்று ஐயரே வந்து சொன்னார். அப்படியானால் தான் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று அக்கா கேட்டதற்கு, “அவுக கேக்கல. இனி நானும் கேக்கல” என்றார்.

தாயில்பட்டிப் பெண் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்குப் போனாள். இடது கையில் ரெண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பட்டாசு மருந்து வேலைக்கு இனி ஆகாது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டோம்.

அடுத்த கோடையில் ஒருநாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அன்று நானும் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். தூக்கு நிறைய நுங்கு கொண்டுவந்திருந்தாள். அவர்கள் ஊர்ப் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்து, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாளாம்.

“நீங்க சொன்ன கதை அங்கன இல்லியேக்கா. அவ செத்துல்ல போறா?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நுங்கைப் பார்த்தேன்.

“டூரிங் கொட்டகையில ரீலை வெட்டிருவாக” என்றாள் அக்கா. “நேரமாச்சுன்னு கடைசி ரீலைப் போடாம விட்டுருப்பாக.”

“நானும் அதான் நெனச்சேன்” என்றாள் அவள். “எங்க சனம் பூராம் அழுதுகிட்டே வந்துச்சு. ஏ, இன்னும் ஒரு ரீலு இருக்கு, அவ சாகல, மயக்கந்தான்னு சொல்லி, மிச்சத்தை நடந்து வரையில நான்தான் சொன்னேன். எம்புட்டு நல்ல படம். வெட்டிக் கெடுத்துட்டானுக.”

அவள் நம்பித்தான் சொன்னாளா, எங்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்கச் சொன்னாளா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

அதன் பிறகு அக்கா சிவகாசியில் படத்துக்குப் போகவில்லை. திரை கொஞ்சம் வெளுத்தாலே தன் பேர் வருமோ என்று தோன்றுகிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றாள். மாதம் ஒருமுறை பஸ் ஏறி விருதுநகர் போக ஆரம்பித்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. சில சமயம் நானும் கூடப் போனேன். படங்கள் தேறிவிட்டன என்று சொல்ல மாட்டேன். அவள் தூங்குவாள். முடிவு வரும்போது எழுப்பச் சொல்லியிருந்தாள். முடிவு சரியில்லை என்று பட்டால் எழுப்ப மாட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “சரி, சொல்லு” என்பாள்.