வெள்ளை உடுத்த நத்தார்

அந்த வருடம் நத்தாரைக் குசுகுசுப்பிலேயே நடத்தி முடித்துவிடலாம் என்று பெரியம்மா முடிவெடுத்தார். கனடாவிலிருந்து வந்து இறங்கி, முகம் கழுவிய கையோடு எடுத்த முடிவு அது. அம்மப்பா நோயாகக் கிடக்கிறார். ஆகவே வாசலில் நட்சத்திர விளக்கு வேண்டாம், பாட்டு வேண்டாம், யேசு பிறந்த பாலன் கூடு ஒரு மூலையில் சின்னதாய்ப் போதும். மத்தியானம் ஆளுக்கொரு பீங்கானில் போட்டுக் குசினியிலேயே சாப்பிட்டுவிடலாம். அம்மப்பாவின் அறைக் கதவை மட்டும் திறந்தே வைக்க வேண்டும், ஏதாவது என்றால் உடனே தெரியுமாம்.

அந்த 'ஏதாவது'தான் எல்லோரையும் திருகோணமலைக்கு இழுத்து வந்திருந்தது. இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள், விருப்பமானதைக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னதை அம்மா தொலைபேசியில் சொன்னார். பத்து வருடமாக டிசம்பர் குளிருக்குள்ளிருந்து வாழ்த்து மட்டும் அனுப்பிய பெரியம்மாவுக்கு உடனே பயணச்சீட்டுக் கிடைத்தது. கொழும்பு மாமாவும் மாமியும் வான் பிடித்து வந்தார்கள். நத்தாருக்கு வந்தோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

நானும் அம்மாவும் அம்மப்பாவோடு அந்த வீட்டிலேயே இருப்பவர்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை, கல்யாணம் கட்டாதவள், வாய் நீளம். மூன்றையும் பெரியம்மா ஒரே குறையாகத்தான் எண்ணினார்.

அம்மப்பா துறைமுகத்தில் இழுவைப் படகின் இயந்திர அறையில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வரும் குட்டிப் படகு அது. உடம்பு குட்டி, சத்தம் அரக்கச் சத்தம். ஓய்வு பெற்றபோது அவருடைய இரண்டு காதையும் அந்த இயந்திரம் வைத்துக்கொண்டது. அவரோடு பேசுவதென்றால் கத்த வேண்டும். எங்கள் ஊர்த் தெருக்களில் மான்கள் திரியும்; அடுத்த தெருவில் நிற்கும் மானும் நிமிர்ந்து பார்க்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நத்தாருக்கு என்னை மேசைக்குக் கொண்டு போ, பிள்ளை."

நத்தார் மத்தியானம் மேசைத் தலைப்பில் இருந்து கேக் வெட்டுவது அவர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஒரு வருடமும் தவறவில்லை. கொண்டு போகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். பெரியம்மாவின் திட்டத்தில் மேசையே இல்லை.

"மேசையில வைச்சு மூச்சு நிண்டா ஆர் பொறுப்பு?" என்று அறை வாசலில் நின்று குசுகுசுத்தார்.

"நான் பொறுப்பு."

"சத்தம் போடாதை. அவர் முழிச்சிருக்கிறார்."

"அவருக்கு இடி விழுந்தாலும் கேக்காது, பெரியம்மா."

"கேக்காதெண்டாலும் ஒரு மரியாதை இருக்கு."

மரியாதையாம். உயிரோடு கிடக்கிற மனிசனின் வாசலில் நின்று, அடக்கப் பூசைக்கு எந்தச் சுவாமியாரைக் கூப்பிடுவது, பந்தல் எந்தப் பக்கம் போடுவது, கனடாவுக்குத் திரும்பும் திகதியைத் தள்ளிப் போடலாமா என்று குசுகுசுப்பது மரியாதை. மேசையில் இருத்திக் கேக் வெட்டச் சொல்வது மரியாதைக் குறைவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே நட்சத்திர விளக்கை வாசலில் கட்டினேன். பெரியம்மா அவிழ்த்தார். நான் திரும்பவும் கட்டினேன்.

இருபத்துமூன்றாம் திகதி மத்தியானம் நத்தார் உடுப்புகளை மின்னழுத்தியால் அழுத்திக் கொடுக்கச் சொன்னார்கள். பெரியம்மாவின் பெட்டியைத் திறந்தேன். மேலே மெரூன் பட்டுச்சீலை. அதற்கடியில் சொக்கலேட். அடியோடு அடியாகப் பொலித்தீன் உறைக்குள் ஒரு வெள்ளைச் சீலை, சட்டையோடு, மடிப்புக் குலையாமல். மாமியின் பெட்டியிலும் ஒன்று. மாமாவுக்கு வெள்ளைச் சேட், வெள்ளைக் காற்சட்டை. எங்கள் ஆட்கள் வெள்ளை உடுத்துவது செத்த வீட்டுக்கு.

பெரியம்மாவைக் குசினிக்குள் இழுத்துக் கொண்டு போனேன்.

"இது என்ன?"

"தூர இடத்திலயிருந்து வாறம். ஒரு ஆயத்தம் வேண்டாமே?"

"சவப்பெட்டியையும் கொண்டந்திருக்கலாமே. முப்பது கிலோவுக்கு மேலயோ?"

பெரியம்மா அழுதுவிட்டார். அழுகையும் குசுகுசுப்பாகவே வந்தது; பிறகு அறை வாசலில் நின்று வெள்ளைச் சீலைக் கதையை மாமியிடம் முறையிட்டதும் குசுகுசுப்பாகவே. அவரை அழ வைத்ததற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அப்போது இருக்கவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை.

மறுநாள் காலை கிண்ணியாவிலிருந்து அம்மப்பாவின் கூட்டாளி வந்தார். அதே படகின் அதே இயந்திர அறையில் வேலை செய்த மனிதர். ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வருவார், பெருநாளைக்கு அம்மப்பா கேக்கோடு அங்கே போவார். பெரியம்மா வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து அவரை எச்சரித்தார். அவரும் தலையாட்டிவிட்டு அறை வாசலில் போய் நின்றார். அங்கிருந்தே வாயை அசைத்தார். சத்தமே வரவில்லை.

கட்டிலில் கிடந்த அம்மப்பா சிரித்தார். அவரும் வாயை அசைத்தார், கையால் ஒரு சைகை காட்டினார். கூட்டாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். இப்படியே பத்து நிமிடம்.

சத்தமில்லாமல் எப்படிக் கதைத்தீர்கள் என்று வெளியே வந்தவரிடம் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"எஞ்சின் அறைக்குள்ள வேற எப்பிடிக் கதைக்கிற? வாயைப் பாத்துத்தான். உங்கட அம்மப்பா அதில வலு கெட்டிக்காரன். கரையில நிண்டு கப்டன் எங்களைத் திட்டுறதைப் படகில நிண்டு எனக்குச் சொல்லுவான்."

நான் திரும்பி அறை வாசலைப் பார்த்தேன். கத்திப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். குசுகுசுக்கும் ஆள் ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை வடிவாக அசைக்கிறார். கதவு திறந்திருந்தது. கட்டில் வாசலைப் பார்த்துக் கிடந்தது. சுவாமியார், பந்தல், பயணத் திகதி எல்லாவற்றையும் எங்கள் வீட்டார் மூன்று நாளாக அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் அம்மப்பா எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒக்சிசன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் நத்தாருக்கு உடுப்புக் கொண்டந்தனீங்கள் தானே?"

"ஓம், அப்பா," என்று பெரியம்மா கத்தினார்.

"மற்ற உடுப்பும் கொண்டந்திருக்கிறியள். வெள்ளை உடுப்பு."

மாமா நிலத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு அதைத்தான் உடுக்கோணும். பூசைக்கும் அதோடதான், மேசைக்கும் அதோடதான். என்னை நினைச்சு வாங்கினது. நான் பாக்காமல் அதை ஆருக்குக் காட்டப் போறியள்?"

நான் பெருமிதத்தோடு பெரியம்மாவைப் பார்த்தேன். அம்மப்பா என் பக்கம் திரும்பினார்.

"உன்ரையும் எடு, பிள்ளை. நீ மற்றவையை விட வேளைக்கு வாங்கினனீ."

அதுதான் உண்மை. டொக்டர் சொன்ன கிழமையே கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சீலை வாங்கி, என் அலுமாரியின் மேல்தட்டில், பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன். தையல்காரிக்கு அந்த அறை வாசலில் நின்றுதான் தொலைபேசி எடுத்தேன். சட்டை பழைய அளவுதான், கெதியாய்த் தையுங்கோ என்று மெல்ல, மிக மெல்லச் சொன்னேன். மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து நியாயம் கேட்டவள் நான். அவர் முன்னால் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கும் ஒண்டு இருக்கு," என்றார் அம்மாவிடம். "சவப்பெட்டிக்கெண்டு தோய்ச்சு வைச்சிருக்கிறாய், அந்த முழுக்கைச் சேட். அதையும் எடு."

நத்தார்க் காலைப் பூசைக்கு, அம்மாவை அவரோடு விட்டுவிட்டு, நாங்கள் நாலு பேரும் வெள்ளை வெளேரென்று போனோம். சிவப்பும் பச்சையும் பட்டுமாய் நிறைந்திருந்த கோயிலில் எல்லாத் தலையும் திரும்பியது. பூசை முடிய ஒரு அக்கா ஓடி வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எப்ப நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்ல, அக்கா. குளிச்சு வெளிக்கிட்டுக் கேக்குக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

பெரியம்மா எனக்குப் பின்னால் நின்றார். பேசாமல் இருப்பார் என்று நினைத்தேன். "அப்பா சொல்லித்தான் உடுத்தனாங்கள்," என்று பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் வரைக்கும் கேட்கச் சொன்னார். குசுகுசுப்பும் கத்தலும் இல்லாத அவருடைய உண்மையான குரலை அந்த வருகையில் முதல்முறை அப்போதுதான் கேட்டேன்.

மாமாவும் நானும் அம்மப்பாவைக் கதிரையோடு தூக்கி மேசைத் தலைப்பில் வைத்தோம். ஒக்சிசன் சிலிண்டரை மாமி பக்கத்தில் உருட்டி வந்தார். கழுத்து மெலிந்து அந்த வெள்ளைச் சேட்டின் கொலர் தொளதொளத்தது. கத்தியைத் தனியாகப் பிடித்து, மூன்று தரம் இளைப்பாறி, கேக்கை வெட்டினார். யாரும் உதவிக்குப் போகக் கூடாது என்று அவர் கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

பிறகு சோறும் கோழிக்கறியும் பீற்றூட் கறியும் கேட்டார். ஒரு கரண்டி பீற்றூட் நெஞ்சில் விழுந்து வழிந்தது. அம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தார். அம்மப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. இனி இதை ஒருத்தரும் பத்திரப்படுத்தத் தேவையில்லை."

அதைக் கேட்டுப் பெரியம்மா வாய்விட்டு அழுதார். வீடே அதிர்ந்தது. அம்மப்பா காதில் கையை வைத்துக்கொண்டு, "ஆ, இப்பதான் கேக்குது," என்றார். அழுதுகொண்டே பெரியம்மா சிரித்தார். பிறகு யாருக்கும் உடுப்பைப் பற்றிய கவலை இருக்கவில்லை. மாமா மேசையில் தட்டிப் பைலா பாடினார். கைகளை வீசி ஆடிய மாமி வைன் கிளாசைத் தன் மடியிலும் என் மடியிலும் சரிபாதியாகக் கொட்டினார். பெரியம்மாவின் முந்தானையில் கோழிக்கறியின் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. அவை அம்மப்பாவின் விரல்கள்.

அம்மப்பா மாசி மாதத்தில் போனார். மாமா வேறு சேட் வாங்கி வந்தார். அதை நான் உறை பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். நத்தார் சேட்டைத்தான் போட்டுவிட்டோம். எத்தனை தரம் தோய்த்தும் பீற்றூட் போகவில்லை, நெஞ்சில் ஒரு கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாய் நின்றது. பெரியம்மா மறுபடியும் பறந்து வந்து, இங்கே விட்டுப்போன அதே சீலையை உடுத்தார். முந்தானையில் கறை தெரியும் பக்கத்தை முன்னால் போட்டுக்கொண்டார்.

சவப்பெட்டியடியில் நின்ற ஒரு பெண் என் காதருகே குனிந்தார்.

"நெஞ்சில கறை கிடக்கு, பிள்ளை. ஒருத்தரும் கவனிக்கேல்லயே?"

அந்த வீட்டில் இன்னொரு குசுகுசுப்புக்கு நான் இடம் கொடுப்பதாயில்லை. பந்தலில் கடைசிக் கதிரையில் இருந்த கிண்ணியாக் கூட்டாளிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அது நத்தார்க் கறை. அவர் மேசையில இருந்து சாப்பிட்டவர்."