பாதி மூச்சு

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்கு எதிரே ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கணினி, குழாய் செருகிய ஒரு கருவி. பத்தொன்பது வருஷமாக அங்கே நுரையீரல் சோதனை செய்துவந்தவளுக்கு 'ஊதல் அக்கா' என்றே பேர் விழுந்துவிட்டது. அவள் போடும் சத்தம் அப்படி. வந்தவர் மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் கொடுத்து, "இழுங்க, இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க! விடாதீங்க, ஊதுங்க!" என்று ஆறு விநாடிக்குத் தொண்டை கிழியக் கத்துவாள். கத்தாவிட்டால் யாரும் முழு மூச்சை விடமாட்டார்கள். மனுஷங்க மூச்சு விடுறதுலகூடக் கஞ்சம் என்பாள்.

அவளுக்கு ஒரே அண்ணன். அப்பா போனபின் பதினேழு வயதில் கல் அறுக்கும் பட்டறையில் சேர்ந்து அவளைப் படிக்க வைத்தவன். மாலையில் புருவம் வரை வெளுத்துப்போய் வருவான். "பட்டறையிலிருந்து வர்றியா, மாவு மில்லுலிருந்தா?" என்று அம்மா கேட்பாள். வெகுநாள் அது வீட்டில் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நாற்பத்தாறு வயதில் அவன் மாடிப்படியில் பாதியிலேயே நின்று செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அண்ணிதான் கண்டுபிடித்து நாத்தனாரிடம் சொன்னாள்: "வார் போயிருந்தா புதுசு வாங்கலாம். இவரு நாலு படிக்கு ஒரு தடவை குனியறாரு."

சோதனைக்குக் கூப்பிட்டால் மூன்று மாதம் ஏதேதோ சாக்குச் சொன்னான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணியே இழுத்துவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நெஞ்சு நிறைய இழுண்ணே."

நுரையீரல் தானாகக் காற்றை இழுப்பதில்லை. அடியிலிருக்கும் உதரவிதானம் கீழிறங்க, விலா எலும்புகள் விரிய, கிடைத்த இடத்தில் காற்று வந்து நிறைகிறது. கூடவே விரிந்து கொடுப்பதுதான் நுரையீரலின் வேலை. அண்ணனுக்குக் கழுத்து புடைத்தது, தோள் ஏறியது. நெஞ்சு மட்டும் விரியவே இல்லை. கல்தூசி தங்கிய இடமெல்லாம் தழும்பாகி இறுகியிருந்தது.

"ஊது! ஊதுண்ணே!"

இரண்டே விநாடியில் திரையில் கோடு படுத்துவிட்டது. காற்றுக்குழாயில் அடைப்பு இல்லை. உள்ளே இருந்தது சட்டென்று வந்துவிட்டது. ஆனால் அது வரவேண்டியதில் பாதிதான். மூன்று தடவை ஊத வைத்தாள். மூன்றும் அதேதான்.

"பாஸா, ஃபெயிலா?" என்றான் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பாதிதான் இருக்குண்ணே."

"போனது திரும்புமா?"

"திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். இனிமே அந்தத் தூசி பக்கம் போகாத."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கிளிப்பைக் கையில் வைத்துத் திருகினான். பிறகு, "என்கூட அறுக்கறவங்க பதினோரு பேரும்மா" என்றான்.

முதலாளி யாரையும் சோதனைக்கு அனுப்பவில்லை. அவளே ஒரு விடுமுறை நாளில் பெரிய டாக்டரிடம் கேட்டுக் கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். சாப்பாட்டு இடைவேளையில் பதினோரு பேரையும் ஊத வைத்தாள். நாலு பேருக்கு அண்ணன் கதைதான்.

"உங்க வேலை ஊதறது. அதுக்காக இதை ஊதிப் பெருசாக்காதீங்க" என்றார் முதலாளி.

"ஊதினது இவங்க. நான் எழுதி மட்டுந்தான் வச்சேன்" என்றாள் அவள்.

அந்தக் காகிதங்களும் டாக்டரின் கடிதமும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயின. எட்டு மாதம் நடையாய் நடந்தபின், அறுக்கும்போதே தூசியை அமுக்குகிறமாதிரி ஒவ்வொரு ரம்பத்துக்கும் தண்ணீர்க் குழாய் வந்தது. கால் ஈரமாகுதே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

அண்ணன் இன்னும் ஆறு வருஷம் இருந்தான். கடைசி இரண்டு வருஷம் ஆக்ஸிஜன் குழாயோடு. ஒரு மத்தியானம், மனைவியும் தங்கையும் பக்கத்தில் இருக்கையில், மெல்ல மெல்ல மூச்சு அடங்கியது. தங்கை அன்று 'ஊது' என்று கத்தவில்லை. அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்றும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அவள் பட்டறைக்குப் போய் எல்லோரையும் ஊத வைக்கிறாள். அண்ணியும் கூடவே வந்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் குறித்துக்கொள்கிறாள்.