கிணற்றடியில் ஆறு மாத நிழல்

செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வளவில் கிணற்றுக்கும் தெற்கு எல்லைக்கும் இடையே பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அம்மா அதில் பயிற்றைக் கொடி போடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் கறிச்சட்டிக்குள் விழுந்த பயிற்றங்காய் அங்கே காய்த்ததுதான். சந்தையில் பயிற்றங்காய் வாங்குவதை அம்மா தோல்வி என்று நினைக்கிறவர்.

தெற்கு எல்லைக்கு அப்பால், எல்லையை ஒட்டிய சுவரோடு, பெரியம்மாவின் மகளுடைய வீடு. அவரைப் பெரியக்கா என்போம். அவருடைய கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து வீட்டைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போவார். கடைசியில் மேல்மாடி முடிந்தது. அதற்குப் பிறகு வந்த மாரிமழைக் காலத்தில் அம்மாவின் பயிற்றை காய்க்கவில்லை.

"கொடி வருது, பூவும் வருது. காய்தான் இல்ல," என்றார் அம்மா. கண்ணூறுதான் காரணம் என்பது அவருடைய முடிவு. பெரியக்கா மேல்மாடி யன்னலில் நின்று கிணற்றடியைப் பார்த்தபடி தலை சீவுவது அதற்கு ஆதாரம். சுண்ணாம்புப் புள்ளி வைத்த சட்டியொன்றைத் தடியில் கவிழ்த்து நட்டுப் பார்த்தார். சட்டி நன்றாக இருந்தது. பயிற்றையில் மாற்றம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். கம்பஸில் புவியியல் படிக்கிறேன். ஆகவே வீட்டில் எதற்கும் காரணம் தெரியாவிட்டால் என்னைப் பார்ப்பார்கள். ரேடியோ பாடாவிட்டாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஆவணி மாதம் விடுமுறையில் வந்திருந்தபோது, "மனே, நீ ஒருக்காப் பாரு," என்றார் அம்மா. இது என் படிப்புக்குள் வரும் விடயம் என்று எனக்குச் சந்தோஷம்.

ஒரு நாள் முழுவதும் கிணற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அந்தத் துண்டில் வரிசையாகக் குச்சி நட்டு, மணிக்கொரு தடவை பெரியக்கா வீட்டுச் சுவரின் நிழல் எந்தக் குச்சிக்கு வருகிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதினேன். அப்பா வாவியில் வலை வீசிவிட்டு வந்தவர் என்னை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார்.

"என்னகா, காணி அளக்கிறாயா?"

"இல்லப்பா. நிழல் அளக்கிறன்."

"எவ்வளவு இரிக்கு?"

"இல்லவே இல்ல."

அப்பா தலையாட்டிவிட்டு மீன் கூடையோடு உள்ளே போனார். வாசலில் நின்று, இல்லாத ஒன்றைக் காலையிலிருந்து அளந்துகொண்டிருந்த மகனை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார்.

கொப்பியின்படி அந்தத் துண்டுக்கு நாள் முழுவதும் வெயில். எனவே குறை மண்ணில், அல்லது விதையில். மாட்டெருவும் சாம்பலும் போட்டேன். வெயில் விரும்பிகளாகத் தேர்ந்தெடுத்தேன்: கொச்சி மிளகாய், கத்தரி, வெண்டி, ஓரமாக அம்மாவின் பயிற்றை. புரட்டாசியில் எல்லாவற்றையும் கயிறு பிடித்து வரிசையாக நட்டுவிட்டுக் கம்பஸுக்குப் போனேன்.

ஐப்பசிக் கடைசியில் என் கூடப்பிறந்த அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். என்னைப் போன்ற ஆண்பிள்ளைகள் பிறகு யாருடைய வளவுக்கோ போக வேண்டியவர்கள். ஆகவே கல்யாணத்துக்கு எழுதிய உறுதிப்பத்திரத்தின்படி கிணறும், கிணற்றடியும், நான் நட்ட கொச்சியும் அக்காவுடையவை. அத்தான் தேற்றாத்தீவுக்காரர். பெட்டியோடு ஒரு பச்சை ஓட்டோவும் வந்தது.

கார்த்திகையில் மழை ஒருநாள் விட்ட நேரம் அத்தான் வளவைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஓட்டோவைக் கொண்டுவந்து சுவர் ஓரமாக, வெண்டி மூன்றின் மேல் நிறுத்தினார்.

"மச்சான், என்ன குளிர்ச்சி இஞ்ச! ஓட்டோவுக்குக் கூரையும் தேவையில்ல. நிலத்துக்குச் சீமெந்து மட்டும் போட்டாக் காணும். பொங்கல் முடிய மேசனக் கூட்டிவாறன்."

அம்மா சமையல் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பேசுவதில்லை. அது சண்டை இல்லை, மரியாதை. பேச்செல்லாம் மூன்றாம் ஆள் வழியாகப் போகும். மூன்றாம் ஆள் நான். அன்றைக்கு அம்மா அடுப்படிக்குப் போய்ச் சட்டிகளைச் சத்தமாக அடுக்கினார்.

அதன்பின் நான் விடுமுறை நாட்களில் எல்லாம் வீட்டுக்கு ஓடிவந்தேன். பொங்கலுக்குள் அந்தத் துண்டு ஒரு கறிக்காவது காய்த்தால், அதன்மேல் சீமெந்து ஊற்ற யாருக்கும் மனம் வராது என்பது என் கணக்கு. கொச்சி என் தோளளவு வளர்ந்தது, ஒரு காய்கூட இல்லை. கத்தரிப் பூக்கள் ஒழுங்காகப் பூத்து ஒழுங்காக உதிர்ந்தன. வெண்டி ஓட்டோவுக்குக் கீழே இருந்தது. நான் இன்னும் எருப் போட்டேன். இருட்டிக்கிடக்கும் மாரி நாட்களில் எது நிழல், எது மழை முகில் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மார்கழியில் ஒருநாள் வானம் வெளித்தது. மத்தியானம் தண்ணீர் அள்ளப் போன நான், வெயிலில் நின்று கிணற்றைப் பார்த்தேன். கிணற்றின் பாதி வெயிலில் இருந்தது. மற்றப் பாதியும் அதற்குத் தெற்கே இருந்த பத்தடியும் பெரியக்கா வீட்டு நிழலில் இருந்தன. என் குச்சிகள் எல்லாம் நிழலுக்குள் வரிசையாக நின்றன.

சூரியன் ஆடி, ஆவணியில் வடக்கே நிற்கும், மார்கழியில் தெற்கே போய்விடும், ஆகவே ஒரு சுவரின் வடக்குப் பக்கத்துக்கு அரை வருடம் வெயிலும் அரை வருடம் நிழலும் கிடைக்கும் என்பதைப் பற்றி நான் இரண்டு பரீட்சைகளில் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் நல்ல புள்ளி. படமும் கீறியிருக்கிறேன். படத்தில் கிணறு இல்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப கண்ணூறு இல்லியா?"

"இல்லம்மா. நிழல்."

"யார்ர வீட்டு நிழல்?"

"பெரியக்கா வீட்டு நிழல்."

"அதத்தானே நானும் சொன்னன்," என்றார் அம்மா.

கொப்பியில் புதுப்பக்கம் திருப்பினேன். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை வெயில், ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நிழல். பயிற்றையைச் சித்திரையில் போட்டுக் கிணற்றுத் தண்ணீரில் காய்க்கவைக்கலாம். இஞ்சியும் மஞ்சளும் வெயிலில் வளர்ந்து, நிழல் வரும்போது வாடி, தையில் கிண்டத் தயாராகும். இராசவள்ளியும் அப்படித்தான், நிழலில் கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். நிழல் காலத்துக்கு வல்லாரை, பொன்னாங்காணி. வல்லாரையை நான் கண்டுபிடிக்கவில்லை. குளிக்கும் தண்ணீர் ஓடும் வழியில் அது தானாகவே படர்ந்திருந்தது, நான்தான் அதைக் களை என்று இரண்டு தரம் பிடுங்கியிருந்தேன்.

திட்டம் சரி. ஆனால் அது சித்திரையில் தொடங்குகிறது. மேசன் தையில் வருகிறார்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் மேசன் வந்தார். நாடாவை விரித்து அளந்தார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். அத்தான் கிணற்றடியில், பத்தடி தூரத்தில் நின்றார்.

"மனே, அத்தானுக்குச் சொல்லு. சித்திர பிறந்த பிறகு போடட்டாம்."

"அத்தான், சித்திர பிறந்த பிறகு போடட்டாம்."

"ஏனாம் மச்சான்?"

"ஏனாம்மா?"

அம்மா உள்ளே போய்விட்டார். அக்கா முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வளவு அவருடையது. "சீமெந்து எங்க ஓடிப்போகுது? இருக்கட்டும்," என்றார். மேசன் நாடாவைச் சுருட்டினார். அத்தான் புது மாப்பிள்ளை, மாமி கேட்ட முதல் விடயம் அது, மறுக்க முடியாது. பிறகு நான் அம்மாவிடம் தனியாகக் கேட்டேன், ஏன் சித்திரை என்று.

"கேட்டாக் கொஞ்சம் தள்ளிப்போகும் எண்டுதான்," என்றார்.

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். சித்திரையில் அந்த இடத்தில் நிழலே இருக்காது, ஓட்டோ வெயிலில்தான் நிற்கும் என்று விளக்கினேன். படம் கீறிக் காட்டினேன். இந்தத் தடவை கிணற்றையும் கீறினேன்.

"மச்சான், வீடு நடக்குமா?"

"வீடு நடக்காது அத்தான். சூரியன்தான்..."

"நான் ரெண்டு மாசமா இஞ்சதான் நிப்பாட்டுறன். ஒரு நாளும் வெயில் வரல்ல."

அது உண்மை. ஆவணியில் நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்ததும் உண்மை. அவருக்கு என்னைவிட அதிக நாட்கள் சாட்சி இருந்தது. பழைய குச்சிகளைச் சுவரடியிலிருந்து அடிக்கு ஒன்றாக மாற்றி நட்டுவிட்டுக் கம்பஸுக்குப் போனேன்.

மிச்சத்தை அக்கா தொலைபேசியில் சொன்னார். மாசியில் இரண்டு குச்சி வெயிலுக்கு வந்தன. பங்குனியில் ஏழு. அத்தான் ஒவ்வொரு வாரமும் ஓட்டோவைச் சுவருக்கு நெருக்கிக்கொண்டே போனார், ஒருநாள் பக்கக் கண்ணாடி சுவரில் உரசியது. சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போகவென்று ஒரு கனத்த பெண்மணி அவசரமாக ஏறி, வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழும்பினார். அத்தானின் குடும்பத்தைப் பற்றி, தேற்றாத்தீவு வரை கேட்கும்படி, சில விடயங்கள் சொன்னார். பெரியக்கா மேல்மாடி யன்னலில் நின்று சிரித்தார்.

அன்று பின்னேரம் அத்தான் ஓட்டோவை வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையடிப் பூவரச மரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார். சீமெந்துக் கதை அத்தோடு முடிந்தது. அடுத்த நாள் விடிய அம்மா பயிற்றங்கொட்டையோடு கிணற்றடியில் நின்றாராம்.

வைகாசியில் நான் வீட்டுக்குப் போனபோது இஞ்சியும் மஞ்சளும் முளைத்திருந்தன. இராசவள்ளிக்கு அப்பா பந்தல் போட்டிருந்தார். அதற்குத் தன் வலைக்கம்புகளையே அவர் கொடுத்தது எனக்கு ஆச்சரியம். ஆனியில் முதல் பயிற்றங்காய்க் கறி. அத்தான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

"மச்சான், மாமிக்குச் சொல்லுங்க, கறி நல்லம்."

அம்மா நாலடி தூரத்தில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தார். "அம்மா, கறி நல்லமாம்," என்றேன்.

"இன்னும் இரிக்காம் எண்டு சொல்லு," என்றார்.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. நிழல் ஆறாம் குச்சிக்கு வந்திருக்கிறது. பயிற்றைக் கொடியைப் பிடுங்கிவிட்டோம். அந்த இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் சுவரடி வரை பச்சையாகக் கிடக்கின்றன. நேற்று மத்தியானம் அத்தான் ஓட்டோவை மெல்லப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். இறங்கி நிழலைப் பார்த்தார், வல்லாரையைப் பார்த்தார், குசினிக் கதவைப் பார்த்தார்.

"மச்சான், மாமிட்டக் கேளுங்க. ஓரமா ஒரு ரயர் மட்டும் வைக்கலாமா எண்டு."

நான் வாயைத் திறக்குமுன் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மனே, முன் ரயர் எண்டாச் சரியெண்டு சொல்லு."

சொன்னேன். அத்தான் மறுபடி ஏறினார். பிறகு ஓட்டோவைத் திருப்பி, முன் சக்கரம் மட்டும் நிழலில் இருக்க, மற்ற இரண்டையும் முற்றத்து வெயிலில் விட்டு நிறுத்தினார். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது.